பெயரை மாற்றினால் போதுமா? நாவல் எழுத நினைக்கும் வழக்கறிஞருக்கு

கேள்வியின் சுருக்கம் இது: சில வருடங்களாகக் குற்ற வழக்குகளில் ஆஜராகிறீர்கள், பார்த்த வழக்குகளில் நாலைந்து நாவலுக்கான சரக்கு இருக்கிறது, நீதிமன்ற நாவல்கள் எழுதும் அமெரிக்கர் ஜான் கிரிஷம் மாதிரி எழுத ஆசை, அதற்குத் தொழிலை விட வேண்டியிருக்குமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் போகிறபோக்கில் “ஆட்களின் பெயரை மாற்றிவிட்டால் போதும்தானே?” என்றும் சேர்த்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி. தொழிலை விடுவதா வேண்டாமா என்பதற்கு அவரவர் வழியில் பதில் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் அலமாரியில் இருக்கும் கேஸ் கட்டுகள் உங்களுடைய கதைகளா, உங்களை நம்பி வழக்கைக் கொடுத்த கட்சிக்காரர்களுடைய கதைகளா என்பதில் தடுமாறினால் தொழிலும் போகும், நாவலும் நன்றாக வராது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் நாவலாசிரியன் இல்லை. நெடுநாளாக வழக்கறிஞர், கூடவே பதிப்பகங்களுக்காக, புத்தகம் அச்சுக்குப் போகுமுன் கையெழுத்துப் பிரதியை அவதூறு, அந்தரங்கம், பதிப்புரிமை என்ற கோணங்களில் படித்துக் கொடுக்கும் வேலையும் செய்கிறேன். அப்படி வருகிறவற்றில் நம்மைப் போன்ற வழக்கறிஞர்கள் எழுதிய நாவல்கள் கணிசம். ஆகவே சட்டம் பற்றிச் சொல்வதை உறுதியானதாகவும், எழுத்து பற்றிச் சொல்வதை நிறையப் படித்த ஒருவனின் அபிப்பிராயமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உதாரணங்கள் அதிகம் வரும். இந்த வகை நாவலும் அதைச் சுற்றிய சண்டைகளும் அங்கேதான் அதிகம், விதிகளையும் விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் பதிவு செய்திருக்கும் பார் கவுன்சிலின் விதிகள், அவற்றை நீங்களே எடுத்துப் படித்தாக வேண்டும்.

சரி, கிரிஷமிடமிருந்தே தொடங்கலாம். அவர் மிசிசிப்பியில் சௌத்ஹேவன் என்ற சிறிய ஊரில் ஏறக்குறைய 10 வருடம் வக்கீலாக இருந்தவர். குற்ற வழக்குகள், விபத்து இழப்பீட்டு வழக்குகள் என்று கிடைத்ததைப் பார்த்தார். 1983-இல் மாநிலச் சட்டமன்றத்துக்கும் தேர்வானார். 1984-இல் ஒருநாள் நீதிமன்றத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி தனக்கு நேர்ந்த வன்கொடுமை பற்றிச் சாட்சி சொல்வதைக் கேட்கிறார். அதிலிருந்துதான் அவருடைய முதல் நாவலான ‘எ டைம் டு கில்’ வந்தது என்பதை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது, அந்த வழக்கில் அவர் வக்கீலே இல்லை என்பதை. பார்வையாளராக உட்கார்ந்து கேட்டவர். அங்கிருந்து அவர் எடுத்துக்கொண்டதும் அந்தக் குடும்பத்தின் கதையை அல்ல, தனக்குள் எழுந்த ஒரு கேள்வியை: இந்தப் பெண்ணின் தகப்பன் துப்பாக்கியை எடுத்துப் போய் குற்றம் செய்தவர்களைச் சுட்டிருந்தால், தீர்ப்புச் சொல்லும் ஜூரிக் குழு என்ன செய்திருக்கும்? நிஜத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை, நாவல் முழுக்க அந்த நடக்காத சம்பவத்தின் மேல் நிற்கிறது. காலை 5 மணிக்கு எழுந்து எழுதினார், 3 வருடம் ஆனது. எத்தனை பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின என்பதற்கு ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள், அதை நம்பி மேற்கோள் காட்டாதீர்கள். கடைசியில் ஒரு சிறிய பதிப்பகம் 5,000 பிரதி போட்டது, அதில் 1,000 பிரதியை அவரே வாங்கினார்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஜான் வோல்க்கர். மிச்சிகனில் மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்து, தேர்தலில் தோற்று, தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்தபோது 1952-இல் ஒரு கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஆஜரானார். ராணுவ அதிகாரி ஒருவர், தன் மனைவியைக் கெடுத்துவிட்டான் என்று மதுக்கடைக்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற வழக்கு. மனநிலை பிறழ்ந்திருந்தது என்ற காரணத்தில் அந்த அதிகாரி விடுதலையானார். வோல்க்கர் இந்த வழக்கை ஏறக்குறைய அப்படியே நாவலாக்கினார்: ‘அனாடமி ஆஃப் எ மர்டர்’, 1958, ராபர்ட் டிராவர் என்ற புனைபெயரில். அது வெளிவந்தபோது அவர் மிச்சிகன் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாகவே உட்கார்ந்திருந்தார்! அடுத்த வருடம் ஆட்டோ ப்ரெமிஞ்சர் அதைப் படமாக எடுத்தார். நமக்கு வேண்டியது, கொலையானவரின் மனைவியும் மகளும் போட்ட வழக்கு. நாவலில் வருகிறவர்கள் நாங்கள்தான், எங்களை இழிவுபடுத்தியிருக்கிறார்கள் என்று வெளியீட்டாளர் மேலும் படக் கம்பெனி மேலும் போனார்கள். 1962-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவர்களைத் தெரிந்தவர் யாரும் அந்தப் பாத்திரங்களை நியாயமாக அவர்களோடு ஒன்றாக நினைக்க மாட்டார்கள் என்பதுதான் சாராம்சம்.

பலர் இந்தத் தீர்ப்பைக் காட்டி “பார்த்தீர்களா, வோல்க்கர் எழுதினார், ஒன்றும் ஆகவில்லை” என்பார்கள். அது அவதூறு வழக்கு. வழக்குப் போட்டது கட்சிக்காரர் இல்லை, மறுபக்கத்தினர். கட்சிக்காரரின் ரகசியத்தை வக்கீல் காக்க வேண்டும் என்ற கடமை வேறு தராசு, அந்தக் கேள்வி அந்த நீதிமன்றத்தின் முன்னால் வரவே இல்லை. 1958-இல் இருந்த தொழில் ஒழுங்கை வைத்து இன்று நீங்கள் கணக்குப் போட முடியாது. கண்டுபிடிக்கும்படி எழுதினீர்களா என்று அவதூறுச் சட்டம் கேட்கும். அதற்கு முன்னாலேயே, இந்த விவரம் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று தொழில் ஒழுங்கு கேட்கும்.

ரகசியக் கடமை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதில் அனுபவம் உள்ள வக்கீல்களுக்கே தெளிவு குறைவு. மூன்று விஷயங்களை நான் சந்தேகமில்லாமல் சொல்வேன். ஒன்று, வழக்கு முடிந்துவிட்டால் கடமை முடிவதில்லை. இரண்டு, கட்சிக்காரர் இறந்தாலும் பெரும்பாலும் முடிவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1998-இல், இறப்பதற்குச் சில நாள் முன்பு வக்கீலைப் பார்த்த ஒருவருடனான உரையாடல் குறிப்புகளைத் தர முடியாது என்று தீர்ப்பளித்தது. செத்த பிறகு எல்லாம் வெளியே வரும் என்றால் உயிரோடு இருக்கும்போது யாரும் வக்கீலிடம் மனம் திறக்க மாட்டார்கள் என்பது அதன் காரணம். மூன்றாவதுதான் நாவல் எழுதுகிறவர்களைச் சிக்கவைப்பது. “இதெல்லாம் திறந்த நீதிமன்றத்தில் சொன்னதுதானே, பத்திரிகையில் வந்ததுதானே” என்கிற சமாதானம் செல்லாது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமான பார் அசோசியேஷன் 2018-இல் வெளியிட்ட 480-ஆம் எண் கருத்துரை இதை நேரடியாகச் சொல்கிறது: பொது ஆவணத்தில் இருந்தாலும், கட்சிக்காரர் சம்மதம் இல்லாமல் வக்கீல் அதைப் பற்றி வெளியில் பேசவோ எழுதவோ கூடாது. பெயரை மறைத்துக் கற்பனை உதாரணமாகச் சொன்னாலும், கேட்கிறவர் இது யார் என்று ஊகிக்க வாய்ப்பிருந்தால் அதுவும் மீறல்தான். இது ஒரு வழிகாட்டும் கருத்துதான், எல்லா நாட்டுக்கும் சட்டம் இல்லை, ஆனால் பெயரை மாற்றினால் போதுமா என்பதற்கு இதைவிட நேரான பதிலை நான் பார்த்ததில்லை.

உங்கள் கேள்வியில் இன்னொன்று என்னைத் திடுக்கிட வைத்தது. மேல்முறையீட்டில் நிலுவையில் இருக்கும் வழக்கு ஒன்றிலிருந்து இரண்டு அத்தியாயம் எழுதிவிட்டதாகச் சொல்கிறீர்கள். அதை நிறுத்திவிடுங்கள். வழக்கு முடியுமுன் அதன் கதை உரிமையை வக்கீல் தன் பெயருக்கு எழுதி வாங்கக் கூடாது என்று அமெரிக்க வழக்கறிஞர்களுக்கான மாதிரி விதிகளில் தனி விதியே உண்டு, 1.8(டி). காரணம் யோசித்துப் பாருங்கள். அரசுத் தரப்பு ஒரு நல்ல சமரசத்தோடு வருகிறது, குறைந்த தண்டனையோடு ஆள் வெளியே வந்துவிடலாம். ஆனால் சமரசத்தில் முடிந்த வழக்கில் நாவல் எங்கே இருக்கிறது? பரபரப்பான விசாரணை நடந்தால் புத்தகம் விற்கும். தன்னை அறியாமலே வக்கீலின் ஆலோசனை ஒரு பக்கம் சாயும். நீங்கள் எந்த ஒப்பந்தமும் போடவில்லை என்பது தெரியும். ஆனாலும் இரவில் எழுதுகிற கை, காலையில் அதே கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லும்போது எந்த முடிவை உள்ளுக்குள் விரும்பும்? இதைப் பொதுவெளியில் கேட்டபோது அந்த வழக்கின் மூன்று விவரங்களையும் போட்டிருக்கிறீர்கள். அவற்றை எடுத்துவிடுங்கள், முடிந்தால் இந்தப் பதிலைப் படித்து முடிக்குமுன்.

அவதூறு பக்கம் நிலைமை கொஞ்சம் விநோதமானது, ஏனென்றால் நோக்கமே இல்லாமல் மாட்டிக்கொள்ளலாம். 1910-இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு ஒன்று சட்டக் கல்லூரியில் படித்திருப்பீர்கள்: ஒரு செய்தித்தாள், ஆர்டிமஸ் ஜோன்ஸ் என்ற கற்பனை ஆசாமி வேறொரு பெண்ணோடு பிரான்சில் திரிவதாகக் கிண்டலாக எழுதியது. அந்தப் பெயரில் ஒரு நிஜ ஆள் இருந்தார், அதுவும் வழக்கறிஞர். 1,750 பவுண்டு நஷ்டஈடு வாங்கினார். பின்னால் வந்த சட்டங்கள் இந்தக் கடுமையைக் குறைத்திருக்கின்றன என்றாலும், வக்கீல் நாவலில் இது அடிக்கடி எதிர்ப்படும் ஆபத்து. லஞ்சம் வாங்கும் நீதிபதி, ஏமாற்றும் சீனியர் என்று பாத்திரம் வைப்பீர்கள். அந்தப் பெயரில் உங்கள் வழக்கறிஞர் சங்கத்திலேயே ஒருவர் இருப்பார். நான் பிரதி படிக்கும்போது முதலில் செய்கிற வேலை, கெட்ட பாத்திரங்களின் பெயர்களை வழக்கறிஞர் பட்டியலோடு ஒப்பிடுவது. மறுபுறம், 1979-இல் கலிஃபோர்னியாவில் ஒரு நாவலாசிரியருக்கு நேர்ந்தது: குழு மனச்சிகிச்சை நடத்தும் ஒருவரின் கூட்டத்தில், இதைப் பற்றி எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலந்துகொண்டார், பிறகு நாவல் எழுதினார். பெயரை மாற்றினார், தோற்றத்தை மாற்றினார், படிப்பைக்கூட மாற்றினார். கூட்டத்தில் நடந்தது நடந்த மாதிரியே இருந்ததால் ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தது, நீதிமன்றம் நாவலாசிரியருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. பெயர், உயரம், மீசை இவற்றை மாற்றிப் பயனில்லை என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். மாற வேண்டியது சம்பவங்களின் வரிசை, உறவு, காரணம், முடிவு. இவை எல்லாவற்றையும் மாற்றிய பிறகு உங்கள் கையில் மிஞ்சுவது உங்கள் சொந்தக் கதை. பிறகு எதற்கு அந்த வழக்கு?

இப்போது, எழுதினவர்கள் தொழிலை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பது. ஒரே வழி கிடையாது. எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் சட்டக் கல்லூரியில் ஒழுங்காக நிலைக்காமல், அலுவலகத்தில் வேலை பார்த்தே படித்து 1911-இல் கலிஃபோர்னியாவில் வக்கீலானார். பகலில் கோர்ட், இரவில் மலிவு விலைப் பத்திரிகைகளுக்குக் கதை. ஒரு காலத்தில் இரவுக்கு 4,000 சொல் என்று இலக்கு வைத்திருந்தார். 1933-இல் பெர்ரி மேசன் என்ற வக்கீலை வைத்து எழுதிய நாவல் வந்து ஓடத் தொடங்கியதும் தொழிலைக் கைவிட்டார். ஸ்காட் டூரோ 1978 முதல் 1986 வரை சிகாகோவில் மத்திய அரசு வழக்கறிஞர். நீதிபதிகளே லஞ்சத்தில் சிக்கிய கிரேலார்ட் வழக்குகளில் பங்கு பெற்றவர். வேலைக்குப் போகும் ரயிலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். அந்த நாவல், ‘ப்ரிஸ்யூம்ட் இன்னசென்ட்’, 1987-இல் வந்தது. கவனியுங்கள், அவர் சிகாகோவை எழுதவில்லை, கிண்டில் கவுண்டி என்று ஒரு இடத்தையே படைத்து அதில் தன் ஊழல் நீதிபதிகளை உட்கார வைத்தார். இங்கிலாந்தில் ஜான் மார்டிமர் விடிகாலையில் எழுதிவிட்டு நீதிமன்றத்துக்குக் கிளம்புகிறவர், 1966-இல் மூத்த வழக்கறிஞர் அந்தஸ்து பெற்றார். அவர் படைத்த ரம்போல் என்ற பாத்திரமோ கடைசிவரை அந்த அந்தஸ்து கிடைக்காத, அதைக் கேலி செய்கிற கிழட்டு வக்கீல். நம்மிடமே தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். 1879-இல் வந்த அந்த நாவலில் தமிழ் தெரிந்தவர்கள் முன்னால் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதை ஒரு பிடி பிடித்திருப்பார். அவர் சாடியது யாரோ ஒருவரின் வழக்கை அல்ல, நீதிமன்றத்தின் ஒரு பழக்கத்தை.

இவர்களில் பலரைப் புகழ் வந்த பிறகும் தொழில் விடவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். கிரிஷம் 1990-இல் சட்டமன்றப் பதவியை விட்டார், தொழிலையும் ஒதுக்கி வைத்தார். ஆனாலும் ரயில் பெட்டிகளுக்கிடையே நசுங்கி இறந்த ஒரு ஊழியரின் குடும்பத்துக்குக் கொடுத்த வாக்குக்காக 1996-இல் திரும்ப வந்து வாதாடி, 6,83,500 டாலர் தீர்ப்பு வாங்கினார். வக்கீலாக அவர் வாங்கியதிலேயே பெரிய தொகை அது. டூரோ, செய்யாத கொலைக்காக 11 வருடத்துக்கு மேல் சிறையில் இருந்த ஒருவருக்காக ஊதியமில்லாமல் வாதாடினார். அந்த மனிதர் 1995-இல் வெளியே வந்தார். இலினாய் மாநிலம் மரண தண்டனையை ஆராய அமைத்த குழுவிலும் டூரோ இருந்தார். 2011-இல் அந்த மாநிலம் மரண தண்டனையையே ஒழித்தது, அதற்கு இந்தக் குழு ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. கார்ட்னர் 1948 முதல், தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளை மறுபடி துருவும் ஒரு முயற்சியைப் பத்திரிகை வழியாகவே நடத்தினார். நாவல் எழுதுவதால் தொழிலின் மேல் அக்கறை குறையும் என்று சொல்கிற சீனியர்களிடம் இவற்றைச் சொல்லுங்கள். ஆனால் சட்டம் படித்ததால் நன்றாக எழுத வருமா என்றால் எனக்குச் சந்தேகம்தான். வந்தவர்களின் பெயர் மட்டும்தான் நமக்குத் தெரிகிறது.

அப்படியானால் எதைத்தான் எழுதுவது என்பீர்கள். கட்சிக்காரரின் கதையை எடுத்துவிட்டாலும் வக்கீலின் கையில் மலை மாதிரி சரக்கு மிஞ்சும், அதை வெளியாள் யாரும் எழுத முடியாது. காத்திருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து வராந்தாவில் நின்று, வழக்கு அழைக்கப்படும் நேரம் பார்த்து எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும்போது கட்சிக்காரர் உங்கள் முகத்தைப் பார்க்கும் பார்வை. ஃபீஸ் கேட்க வேண்டிய கணம். சாட்சி நன்றாகப் பொய் சொல்கிறார், உங்களுக்கு அது சாதகம், வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்ற பேரம். 2012-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் குறிப்பிட்ட கணக்கு: மத்திய நீதிமன்றங்களில் தண்டனைகளில் 97 சதவீதமும், மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை. அதாவது நாவல்களிலும் படங்களிலும் நாம் பார்க்கிற அந்த விசாரணை அங்கே விதிவிலக்கு. உண்மையான நாடகம் மூடிய அறையில், “15 வருடம் நிச்சயம், இல்லையென்றால் விசாரணைக்குப் போய் ஆயுளோ விடுதலையோ, என்ன சொல்கிறாய்” என்று ஒரு வக்கீல் ஒரு மனிதனிடம் கேட்கும் இடத்தில் நடக்கிறது. செய்யாதவனும் அதில் ஒப்புக்கொள்கிறான். இதை எழுத யாருடைய கேஸ் கட்டும் தேவையில்லை.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். உங்களைத் தடுக்கிற அந்த ரகசியக் கடமையே இந்தத் தொழிலின் மிகப் பெரிய கதைக்கரு. சிகாகோவில் நிஜமாக நடந்தது: 1982-இல் இரண்டு வக்கீல்களிடம் அவர்களுடைய கட்சிக்காரர், வேறொருவர் கைதாகியிருக்கும் கொலையைச் செய்தது நான்தான் என்று ஒப்புக்கொள்கிறார். வெளியில் சொல்ல முடியாது. சொன்னால் கட்சிக்காரரைக் காட்டிக்கொடுத்ததாகும். பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு ஓர் உலோகப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அந்த அப்பாவிக்கு ஆயுள் தண்டனை ஆனது. ‘நான் செத்த பிறகு சொல்லிக்கொள்ளுங்கள்’ என்று கட்சிக்காரரிடம் சம்மதம் மட்டும் வாங்கி வைத்திருந்தார்கள். அவர் 2007-இல் இறந்தார். அடுத்த வருடம் பெட்டி திறந்தது, அந்த மனிதர் வெளியே வந்தபோது 26 வருடம் போயிருந்தது. அந்த வக்கீல்கள் செய்தது சரியா தவறா என்று இன்றும் சட்ட வகுப்புகளில் சண்டை நடக்கிறது, நான் ஒரு நாள் ஒரு பக்கம், மறுநாள் மறுபக்கம். விதி தெளிவாக இருந்தது என்பதுதான் இதில் பயங்கரம். இந்த வழக்கை எடுத்து எழுதச் சொல்லவில்லை. தெரிந்தும் சொல்ல முடியாமல் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் வக்கீல் எப்படி இருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மற்ற எழுத்தாளர்கள் அதை ஊகிக்கத்தான் முடியும்.

வக்கீல்களின் பிரதிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன், இது அபிப்பிராயம்தான். நமக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது, யாரும் குறை கண்டுபிடிக்க முடியாதபடி எழுதுவது. “அவர் வந்ததாகத் தோன்றியது, எனினும் அது உறுதியாகத் தெரியவில்லை” என்று கதையிலும் எழுதுகிறோம். வந்தார் என்றால் வந்தார். அப்புறம், சீனியரும் ஜூனியரும் காரில் போகிறார்கள், சீனியர் ஜூனியரிடம் ஜாமீன் என்றால் என்ன என்று அரைப் பக்கம் விளக்குகிறார். எந்த ஜூனியருக்கு அது தெரியாது? சட்டம் தெரியாத ஒருவர் பயத்தில் கேட்கும்போது சொல்லுங்கள், அதுவும் அவருக்குத் தேவையான அளவு மட்டும். கதாநாயக வக்கீல் ஒரு பழைய தீர்ப்பைத் தேடி எடுத்து வழக்கை ஜெயிப்பார். நமக்கு அது மெய்சிலிர்க்கும், வாசகருக்கு அது ஒரு பக்க எண். குறுக்கு விசாரணையில் சாட்சி உடைந்து அழுது ஒப்புக்கொள்வது பெர்ரி மேசனுக்கு நடந்தது, நமக்கு நடக்காது. நிஜத்தில் நல்ல குறுக்கு விசாரணை என்பது சின்னச் சின்ன ‘ஆமாம்’களைச் சேர்த்துக்கொண்டு, கடைசிக் கேள்வியைக் கேட்காமல் உட்கார்ந்துவிடுவது. அந்தக் கேட்காத கேள்வியைப் பக்கத்தில் கொண்டுவர முடிந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். எதிராளி வக்கீல் எல்லாப் பிரதியிலும் அயோக்கியனாகவே வருவது இன்னொரு கோளாறு. தினமும் அவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம், அவர்களில் சிலர் நம்மைவிட நல்லவர்கள் என்பது தெரிந்தும் ஏன் இப்படி எழுதுகிறோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

தொழிலை விடுவது பற்றி: விடாதீர்கள், குறைந்தபட்சம் முதல் நாவல் முடியும்வரை. கிரிஷமுக்கு இரண்டாவது நாவலின் பட உரிமை, புத்தகத்துக்குப் பதிப்பகம் கிடைக்குமுன்பே 6 லட்சம் டாலருக்குப் போனது, அதன்பிறகுதான் அவர் தொழிலை விட்டார். அது எல்லோருக்கும் நடப்பதில்லை. வருமானத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தொழிலில் இருக்கும்வரை காதில் நிஜமான பேச்சு விழுந்துகொண்டே இருக்கும். விசாரணை நடக்கும் வாரங்களில் ஒரு வரிகூட வராது, அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். அலுவலகத்தில் வேலை செய்கிறவராக இருந்தால் வெளியில் எழுத அனுமதி வேண்டுமா என்று நியமனக் கடிதத்தைப் பாருங்கள். எழுத்தாளர் என்ற பெயரைத் தொழில் விளம்பரமாகப் பயன்படுத்துவதாக யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள், அட்டையில் அலுவலக முகவரியும் பதவியும் போடச் சொல்லும் பதிப்பாளர்கள் உண்டு. புனைபெயர் வைத்துக்கொள்வது உங்கள் நிம்மதிக்கு நல்லது, ஆனால் அது கவசம் ஆகாது. எழுதியது யார் என்று தெரிந்தால் கடமை அதே கடமைதான்.

கடைசியாக ஒன்று. பதிப்பக ஒப்பந்தத்தில், “இந்த நூலால் யார் வழக்குத் தொடுத்தாலும் செலவும் நஷ்டஈடும் ஆசிரியரே ஏற்பார்” என்கிற மாதிரி ஒரு பிரிவு ஏறக்குறைய எப்போதும் இருக்கும். ஊரார் ஒப்பந்தங்களையெல்லாம் வரிவரியாகப் படிக்கும் வக்கீல்கள் தங்கள் புத்தகத்துக்கு வரும்போது இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என்னிடம் காட்டுகிறார்கள். அந்தப் பொறுப்பை, நீதிமன்றம் இறுதியாக உறுதிசெய்த மீறல்களுக்கு மட்டும் என்று குறுக்கக் கேளுங்கள், தொகைக்கு ஒரு உச்சவரம்பு கேளுங்கள், பதிப்பகத்துக்குக் காப்பீடு இருந்தால் அதில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் நாவல்காரருக்கு மூன்றும் கிடைக்காது, ஒன்று கிடைக்கலாம். பதிப்பகம் எதற்கும் இசையவில்லை என்றால், கையெழுத்துப் போடுமுன் பிரதியை உங்களைத் தெரியாத, உங்கள் வழக்குகளைத் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து, இதில் யாரையாவது அடையாளம் தெரிகிறதா என்று மட்டும் கேளுங்கள். ஒரு பெயரைச் சொன்னாலும் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டியதுதான்.